லியோனி வீட்டு எட்டாம் பட்டை

நொன்னன்ஹைமில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "சுத்தலாமா?" என்று கேட்டால், காற்று வாங்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அது கல்யாணப் பேச்சு. பூசை முடிந்து வெளியே வரும் பெண்ணும் மாப்பிள்ளையும் மடத்துக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் எட்டுப் பட்டைச் சுவர்களையும் கையால் தொட வேண்டும். சாமியார் முன்னால் சொன்ன சம்மதம் சாமிக்கு. சுவரைத் தொட்டது ஊருக்கு. ஒரு பட்டை விட்டுப்போனாலும் ஊரைப் பொறுத்தவரை அது கல்யாணமே இல்லை.

ஏழு பட்டைகளில் ஒரு சிக்கலும் கிடையாது. மேற்கே சதுரக் கோபுரம் நிற்கும் கோபுரப் பட்டை. அதன் உச்சியில் நாரைக் கூடு. அங்கிருந்து வலப்பக்கமாகப் போனால் குண்டுப் பட்டை. சண்டைக் காலத்தில் நதிக்கு அக்கரையிலிருந்து வந்த குண்டுகள் கொத்திய குழிகளில் இப்போது குருவிகள் குடித்தனம் நடத்துகின்றன. தெற்கே தக்காளிப் பட்டை. வெயில் நாள் முழுக்க அடிப்பதால் சாமியார் அங்கே தக்காளி போட்டிருந்தார். அடுத்து, பின்னாளில் எந்தப் பிரபுவோ கொண்டுவந்து ஒட்டவைத்த சிறுகோயில் முட்டிக்கொண்டு நிற்கும் பட்டை. கிழக்கே பீடப் பட்டை, அதைத் தாண்டிப் பாசிப் பட்டை, வடக்கே பந்துப் பட்டை. கடைசியாகச் சொன்ன இடத்தில் 'இங்கே பந்து உதைக்கக் கூடாது' என்று பலகை வைத்திருந்தார்கள். அதனால் எல்லாரும் அங்கேதான் உதைத்தார்கள். இந்த வளையத்தின் நடுவிலிருந்து இன்னொரு எட்டுப் பட்டைக் கட்டடம் எழும்பி, தனக்கென்று ஒரு கூரையைப் போட்டுக்கொண்டு நிற்கும். மேல்கூரை, கீழ்க்கூரை இரண்டுக்கும் அடியில் சின்னச் சின்ன அரைவட்ட வளைவுகள், ஒன்றை ஒன்று கைகோத்தபடி சுற்றிலும் ஓடும். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் மழை வருமா என்று பார்க்க மட்டும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

எட்டாவது பட்டை வடமேற்கில் இருந்தது. அதாவது லியோனி பீலரின் சமையலறையில்.

கன்னியாஸ்திரிகள் காலத்தில் மடத்துச் சமையல்காரி ஒருத்தி கோயில் சுவரில் சாய்த்து ஒரு குடிசை போட்டுக்கொண்டாளாம். புரட்சி வந்து கன்னியாஸ்திரிகள் போனார்கள், அரசர்கள் வந்தார்கள், போனார்கள், இந்த மண் நதிக்கு இக்கரை, அக்கரை என்று இரண்டு நாட்டுக்கும் மாறி மாறிக் கைமாறியது. சமையல்காரியின் வம்சம் மட்டும் அசையவில்லை. குடிசை வீடானது, வீட்டுக்கு மாடி வந்தது. அந்த மாடியில் ஒரு சனிக்கிழமை மதியம் லியோனி பிறந்தபோது, கீழே கல்யாணக் கூட்டம் சமையலறையில் நின்று செர்ரிச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தது. ஊரே தன் பிறப்பைக் கொண்டாடியதாக அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டாள்.

எட்டாம் பட்டையைத் தொட வேண்டுமென்றால் வேறு வழியில்லை. மணமக்கள் லியோனி வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்து, சூப் பானையைச் சுற்றிக்கொண்டு, அடுப்புக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவே உள்ள சுவரைத் தொட்டு, ஆளுக்கு ஒரு துண்டு குகல்ஹோப்ஃப் கேக்கும் ஒரு மடக்குச் சாராயமும் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போவார்கள். தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பூனை நக்கிய தட்டாக மின்னும். யார் முதலில் கை வைத்தார்கள் என்பதை லியோனி கவனித்து வைத்துக்கொள்வாள். வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று அதை வைத்தே சொல்லிவிடுவாள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வாரநாட்களில் பள்ளிக்கூடத்துக்கு மதியச் சாப்பாடு சமைப்பது அவள் வேலை. சனிக்கிழமைகளில் எட்டாம் பட்டைக்குக் காவல். ஐம்பத்திரண்டு வயதில் இருநூற்றுப் பதினான்கு ஜோடிகளைப் பார்த்துவிட்டாள். அவள் மட்டும் சுற்றவில்லை.

கேட்க ஆளில்லாமல் இல்லை. கால்வாய் மதகுக் காவலன் அலோய்ஸ் சண்டை முடிந்து திரும்பிய வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஊர்த் திருவிழாவுக்கும் பொரித்த கெண்டை மீன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான்.

"சுத்தலாமா, லியோனி?"

"முட்டி வலிக்குது."

இருபத்து மூன்று வயதில் அவளுக்கு என்ன முட்டி வலி? விஷயம் வேறு. மதகுக் காவலன் மதகு வீட்டில்தான் படுக்க வேண்டும் என்பது விதி. எட்டாம் பட்டை வீட்டில் ஆள் இருந்துதான் தீர வேண்டும் என்பது லியோனியின் விதி. ஊருக்கு இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருவன். இரண்டு பேருமே இடத்தை விட்டு நகராத ஜாதி. இப்படியே இருபத்தொன்பது திருவிழா ஓடிவிட்டது, இருபத்தொன்பது தட்டு மீனும் தீர்ந்துவிட்டது.

எழுபத்து நாலாம் வருஷம் வசந்தத்தில் மதகுக்கு மோட்டார் வைத்தார்கள். அலோய்ஸ் ஓய்வு வாங்கிக்கொண்டு பேக்கரி மாடியில் ஒரு அறைக்குக் குடிவந்தான். இனி என்ன தடை என்று ஊர் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்த நேரத்தில்தான் பெரிய ஊரிலுள்ள பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நொன்னன்ஹைம் எட்டுப் பட்டைக் கோயில் நாட்டின் அரிய செல்வமாம். அதன் வெளித்தோற்றத்தை மறைக்கும் 'ஒட்டுக் கட்டடம்' அகற்றப்படுமாம். அதில் வசிப்பவருக்குக் கால்வாய் ரோட்டில் புதுக் குடியிருப்பில் மூன்றாம் மாடி தரப்படுமாம்.

"ஒட்டுக் கட்டடமா?" என்றாள் லியோனி. "அந்தக் கோயில்தான் என் வீட்டு மேல சாஞ்சுக்கிட்டு நிக்குது!"

கடிதத்துக்குப் பின்னாலேயே கட்டடக்கலை நிபுணர் மதாம் பெரோத்தன் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சேறு படிந்த பூட்ஸ், காதில் பென்சில், எதையும் அளக்காமல் நம்பாத கண். மேயர் ஷெரர் ஊர் சார்பில் அவரை வாசலிலேயே மறித்தார்.

"மதாம், இந்த வீட்ட இடிச்சா எங்க ஊர்ல கல்யாணமே நடக்காது."

"இடிச்சா எட்டாவது பட்டை வெளிய வரும், முசியே. வெயில்ல நின்னு நல்லாவே தொடலாம்."

மேயர் வழிவிட்டு ஒதுங்கினார். ஆனால் லியோனி விடவில்லை. "எங்க சமையலறைல தொட்டாத்தான் அது தொட்டது, மதாம். இருநூறு வருஷமா எல்லாரும் இதே எடத்தத்தான் தொட்டிருக்காங்க. வந்து பாருங்க, எப்படி மின்னுதுன்னு."

மதாம் பெரோத்தன் வந்தார், பார்த்தார், சூப் குடித்தார், நன்றாயிருக்கிறது என்றார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். வெளியே போய் ஏழு பட்டைகளையும் அளந்தார். உள்ளே வந்து சமையலறையை அளந்தார். மறுபடி வெளியே போனார். மூன்றாம் முறை உள்ளே வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மதாம் பீலர், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இது கோயில் சுவரே இல்ல."

"என்னது?"

"கோயில் மூலையிலேர்ந்து கோடு இழுத்தா, கோயில் சுவர் இதுக்கு ஒரு முழம் பின்னால வரணும். இது மேல சாந்து பூசின செங்கல் தடுப்பு. ஈரம் உள்ள வராம இருக்க யாரோ எழுப்பியிருக்காங்க."

நம்பாமல், கொத்தனார் ஹாபரைக் கூப்பிட்டு அலமாரிப் பக்கத்தில் நாலு செங்கலைப் பெயர்த்தார்கள். உள்ளே இருட்டு. மதாம் பெரோத்தன் டார்ச்சை நீட்டி எட்டிப் பார்த்தார். வெளிச்சத்தை மேலும் கீழும் ஓட்டினார். ஒரு முழத்துக்கு அப்பால், அச்சுப் பிசகாமல் அடுக்கிய ரோஜா நிறக் கற்கள். அவற்றின் முகத்தில் உளி ஓடிய சாய்கோடுகள் நேற்றுக் கொத்தியவை போலப் பளிச்சென்று இருந்தன. மேலே அந்தக் குட்டி வளைவுகள், மூக்கு உடையாமல், காது உடையாமல். மற்ற ஏழு பட்டைகளையும் தீயும் குண்டும் சிமெண்டும் ஒவ்வொரு விதமாகத் தின்று, பாதிக் கல்லை மாற்றியாகிவிட்டது. கட்டியவர்கள் கட்டியபடியே மிஞ்சியது இது ஒன்றுதான்.

செய்தி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. இருநூறு வருஷமாக ஊர் மொத்தமும் தவறான சுவரைத் தொட்டுக் கல்யாணம் செய்திருக்கிறது! பேக்கரியில் ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மறந்தார்கள்.

"அதான் நம்ம வீட்ல தினம் சண்டை!" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார் தபால்காரர்.

"அப்ப நமக்குக் கல்யாணமே ஆகல. உன் சட்டைய நீயே தொவச்சுக்க," என்றாள் அவர் மனைவி.

சாமியாரிடம் மூன்று பேர் ரகசியமாகப் போய், தாங்கள் இப்போது பிரம்மச்சாரிகளா என்று விசாரித்தார்கள். மூன்று பேரையும் அவர் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி விரட்டினார். அந்தச் சனிக்கிழமை சுற்ற வந்த ஜோடி, ஓட்டைக்குள் கைவிட்டு அசல் சுவரைத் தொட்டே தீருவோம் என்று அடம்பிடித்தது. மதாம் பெரோத்தன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"தொள்ளாயிரம் வருஷச் சுவர் இது. இருநூறு வருஷமா இதுல மனுஷக் கை படல. இனிமேலும் படாது!"

ஜோடி முணுமுணுத்துக்கொண்டே செங்கல்லைத் தொட்டுவிட்டுக் கேக்கைத் தின்றது.

எல்லாரும் சிரித்தார்கள். லியோனிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ப் பழக்கம்தான் அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம். அது பொய்ச் சுவரில் முட்டி முறிந்துபோயிற்று. இத்தனை நாள் எதற்குக் காவல் இருந்தோம், பாட்டன் முப்பாட்டன் எழுப்பிய ஒரு ஈரத் தடுப்புக்கா என்று நினைத்தபோது அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. போதாததற்கு மதாம் பெரோத்தன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், கண்கள் மின்னச் சொன்னார்:

"இப்படி ஒரு சுவர மறைச்சு வெச்சிருக்கவே கூடாது மதாம் பீலர். உலகம் பூரா வந்து பாக்கணும். குளிர்காலம் முடிஞ்சதும் வேலைய ஆரம்பிச்சிடுவோம்."

அன்றைக்கு அலோய்ஸ் பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தான். திருவிழா இல்லை, கையில் மீனும் இல்லை.

"பேக்கரி மாடி ரூம் ரெண்டு பேருக்குத் தாங்கும். காலைல ரொட்டி வாசனை சும்மாவே வரும். சுத்தலாமா, லியோனி?"

"இப்பவா கேக்கற?"

"இப்ப என்ன?"

"வீடு போச்சு, அதனால இவ அலோய்ஸ் தலையில ஏறி உக்காந்துட்டான்னு ஊர் சொல்லும். கதியத்துப்போய் நான் உன்கிட்ட வர மாட்டேன், அலோய்ஸ். வந்தா வாசல்ல பூட்டுப் போட்டுட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு வருவேன்."

அலோய்ஸ் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டான். "முட்டி வலின்னே சொல்லியிருக்கலாம்," என்றான்.

இனி லியோனியின் துடைப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உறைபனிக் காலம் முடிந்ததும் கோயிலைச் சுற்றிக் கூட்டுவது அவள் வழக்கம். யாரும் அவளை நியமிக்கவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் உடம்பு அவளுக்கு இல்லை. ஏழு பட்டைகளின் அடியிலும் ரோஜா நிறப் பொடி உதிர்ந்து கிடக்கும். ஈரம் கல்லுக்குள் புகுந்து, பனியில் இறுகி, கல்லின் தோலை உரித்துப் போடும். இது அவளுக்குத் தும்மலைப் போலப் பழகிய விஷயம். ஆனால் இப்போது, ஓட்டை போட்ட மூன்றாம் நாள் காலை, அதே ரோஜா நிறப் பொடி அவள் சமையலறைத் தரையில், ஓட்டைக்குக் கீழே மெல்லிய கோடாகக் கிடந்தது. கூட்டினாள். மறுநாள் மறுபடி. சூப் ஆவி அந்த ஓட்டைக்குள் போவதையும், அங்கிருந்து குளிர்காற்று இந்தப் பக்கம் வருவதையும் அவள் கையை வைத்துப் பார்த்தாள்.

பொடியைக் கொட்டிவிட மனம் வரவில்லை. இருநூறு வருஷம் உதிராதது ஆயிற்றே. காலியான ஜாம் பாட்டிலில் போட்டு, ஜாமுக்கு ஒட்டுவது போலவே தேதிச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தாள். இரண்டாம் வாரம் குளிர்காற்றில் சூப் சீக்கிரம் ஆறுகிறது என்று ஓட்டையில் ஒரு தலையணையைத் திணித்து வைத்தாள். தலையணையின் உள்பக்கத்தைத் தட்டிப் பார்த்தும் அந்த வாரத்துப் பாட்டிலில் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. மூன்றாம் வாரம் மதாம் பெரோத்தன் படம் எடுக்க வந்து தலையணையைப் பிடுங்கி வீச, மறுபடி பொடி.

மூன்று பாட்டில்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த லியோனி, உரிப்பதை நிறுத்தினாள். கத்தியைக் கீழே வைத்தாள். பாட்டில்களை இடுப்பில் கட்டியிருந்த சமையல் கவசத்துணியில் வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். மதாம் பெரோத்தன் பந்துப் பட்டைக்கு எதிரே நின்று எதையோ வரைந்துகொண்டிருந்தார்.

"மதாம், ஜாம் வேணுமா?"

"ஐயோ, ரொம்ப நன்றி. என்ன ஜாம் இது? ரோஜாவா?"

"உங்க சுவர்."

மதாம் பெரோத்தன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"இது ஓட்டை தெறந்திருந்த வாரம். இது நான் தலகாணி வெச்சு அடச்ச வாரம், பாருங்க, ஒண்ணுமில்ல. இது நீங்க தலகாணியப் புடுங்குன வாரம். நாலு செங்கல் எடுத்ததுக்கே இவ்வளவு கொட்டுது. முழு வீட்டையும் எடுத்துட்டு, மழ அடிக்கிற இந்த மூலைல, பனில, அத அம்மணமா நிக்க வெச்சீங்கன்னா, உலகம் பூரா வந்து என்னத்தப் பாக்கும்? இதோ இங்க இருக்கற மத்த ஏழு பட்டை மாதிரி இன்னொண்ணத்தான் பாக்கும். ஒட்டுக் கட்டடமா என் வீடு? உங்க சுவருக்குக் கோட்டு மாட்டி வெச்சிருக்கோம் மதாம், இருநூறு வருஷமா!"

அளக்காமல் எதையும் நம்பாத பெண் அவர். பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், தேதியைப் படித்தார். பிறகு பந்துப் பட்டையின் செதில் உரிந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்போது ஒரு பந்து வந்து அந்தப் பலகைமேல் விழுந்தது. மூன்று பாட்டில்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பெரிய ஊருக்குப் போய்விட்டார்.

பத்தொன்பது நாள் பதில் இல்லை. லியோனி அந்த நாட்களில் செய்த சமையலில் உப்பு ஒரு நாள் கூடியது, ஒரு நாள் இல்லவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள். இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, மதாம் பெரோத்தனே கடிதத்தோடு வந்தார். கூடவே சாந்துச் சட்டியோடு ஹாபர்.

வீடு இருக்கும். எட்டாம் பட்டையைக் காக்கும் மேலுறை என்று கோயிலோடு சேர்த்து அதுவும் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. இனி அதை யாரும், லியோனியே நினைத்தாலும், இடிக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: உறைபனிக்கு முன் ஓட்டையை அடைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு திறக்கக் கூடாது. அதாவது இன்றைக்கே.

லியோனி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். முகத்தைக் கவசத்துணியில் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்றும் சொல்லலாம், பக்கத்தில் வெங்காயம் இருந்தது என்றும் சொல்லலாம். நான் அழுதாள் என்றே சொல்லுவேன். ஹாபர் சாந்தைக் குழைத்து முதல் செங்கலைத் தூக்கினார். அவருக்குச் செங்கல் எடுத்துக்கொடுக்க வந்திருந்த அலோய்ஸ் இரண்டாவதைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஹாபர், இரு. அந்தச் சாந்து எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கால் மணி நேரம். ஏன்?"

லியோனி கவசத்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அலோய்ஸ், சுத்தலாமா?"

அலோய்ஸ் கையிலிருந்த செங்கல் ஹாபரின் காலுக்கு ஒரு விரல்கடைப் பக்கத்தில் விழுந்தது. "முட்டி?" என்றான்.

"முட்டியப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். சாந்து இறுகுது, ஓடு!"

கூட்டமும் இல்லை, மாலையும் இல்லை, சாமியார்கூட இல்லை. அவரிடம் நாளை போய்க்கொள்ளலாம். முன்வாசல், பின்வாசல் இரண்டையும் இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் லியோனி. உள்ளே மாட்டிக்கொண்ட ஹாபரும் மதாம் பெரோத்தனும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். கோபுரப் பட்டையில் இரண்டு கைகள் படீரென்று விழுந்தன. குண்டுப் பட்டையில் ஒரு குருவி மிரண்டு பறந்தது. தக்காளிப் பட்டையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சாமியார், "என்ன லியோனி, தீப்பிடிச்சிருச்சா?" என்று கத்தினார்.

"ஆமா சாமி! நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வரோம், எழுதி வெச்சிருங்க!"

சிறுகோயிலைச் சுற்றிவரும்போது அலோய்ஸுக்கு மூச்சு வாங்கியது. பீடப் பட்டையில் நின்றே விட்டான். லியோனி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பாசிப் பட்டையில் இரண்டு பேர் கையும் பச்சையாயிற்று. பந்துப் பட்டைக்கு எதிரே பள்ளிக்கூட ஜன்னல்கள் அத்தனையும் திறந்து, உப்பில்லாத சூப் குடித்த பிள்ளைகள் எல்லாம் விசிலடித்தார்கள். லியோனி பூட்டைத் திறந்தாள். உள்ளே ஹாபர் சட்டியில் தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஓட்டைக்கு முன்னால் மதாம் பெரோத்தன் நின்றார். அதே இடத்தில்தான் அன்றைக்கு அந்த ஜோடியை மறித்திருந்தார். லியோனியைப் பார்த்தார், பச்சைக் கைகளைப் பார்த்தார்.

"கைய நல்லாத் தொடச்சுக்கங்க," என்றார். "நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நாலு செங்கல் ஓட்டையில் ஒரு கை தாராளமாக நுழையும். இடித்துப் பிடித்தால் இரண்டு. லியோனி முழங்கைவரை விட்டாள், அதன்மேல் அலோய்ஸ். விரல்கள் இருட்டில் துழாவி, ஒரு முழத்துக்கு அப்பால், கல்லில் போய் நின்றன.

"சில்லுனு இருக்கு," என்றாள் லியோனி.

"இருபத்தொம்பது வருஷம் காக்க வெச்சா, சூடாவா இருக்கும்?"

அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே கொஞ்சம் பொடி உதிர்ந்தது. கைகளை எடுக்க இரண்டு பேருக்கும் அவசரமில்லை. யார் கை முதலில் பட்டது என்பதை இந்த ஒரு தடவை லியோனி கவனிக்கவில்லை. ஹாபர் மூன்றாம் முறையாகச் சாந்தில் தண்ணீர் தெளித்தார்.